முன் சக்கரத்தில் சத்தமும் ஆட்டமும்: வாசகர் கேள்வி-பதில்

பழைய கார்களின் முன் சக்கரத்தைப் பற்றி இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. மழைக்காலம் முடிந்தபின் தோட்டப்புற வாசகர்களிடமிருந்து இத்தகைய கடிதங்கள் வருவது வழக்கமே. ஒன்றோடொன்று தொடர்புடைய நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக வேலை செய்கிறேன். என் கார் 1998ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5, மேனுவல் கியர். ஆண்டு இறுதி மழையில் தோட்டத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறி நின்றபோது, சக்கரம் பாதி மூழ்க அதைக் கடந்து வந்தேன். சில வாரங்கள் கழித்து, 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் முன்பக்கத்தில் ‘ஊம்’ என்று ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. அத்தோடு 85 முதல் 95 கி.மீ. வரை ஸ்டேரிங் நடுங்குகிறது. 100ஐத் தாண்டினால் ஓரளவு அடங்கிவிடுகிறது. போமன் (மெக்கானிக்) சொன்னபடி முன் அப்சோபர் (அதிர்வைத் தணிக்கும் தண்டு) இரண்டையும் மாற்றினேன், பயனில்லை. இப்போது ஸ்டேரிங் ரேக்கை மாற்ற வேண்டும் என்கிறார். வலப்பக்கம் வளையும்போது முனகல் கூடுவதாக என் மனைவி சொல்கிறார். இந்தக் காருக்கு இன்னும் செலவு செய்யலாமா?

பதில்: ரேக்கை, அதாவது ஸ்டேரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அமைப்பை, இப்போதைக்குத் தொட வேண்டாம். தங்கள் காரில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன என்றே கருதுகிறேன். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று எண்ணி ஒரே பொருளை மாற்றித் தீர்க்கப் பார்த்ததால்தான் அப்சோபருக்குச் செலவழித்தும் குறை தீரவில்லை. முனகல் வேகத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. நடுக்கமோ ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தோன்றி, அதைக் கடந்ததும் தணிகிறது. இவை இரண்டும் ஒரே காரணத்தால் வருவது அரிது. ஆகவே தனித்தனியாகத் தேடுவோம்.

முனகலை முதலில் எடுத்துக்கொள்வோம். அது எஞ்சினிலிருந்து வரவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். வாகன நடமாட்டமில்லாத, சமதளமான நேர்ச்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் செல்லும்போது கிளட்ச்சை மிதித்து, எஞ்சினின் சுற்று குறைய விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பவர் ஸ்டேரிங்கும் பிரேக்கிற்கு உதவும் பூஸ்டரும் அதை நம்பியே இருக்கின்றன. எஞ்சினின் ஓசை தாழ்ந்த பிறகும் முனகல் அதே அளவில் தொடர்ந்தால், அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒன்றிலிருந்து வருகிறது என்று பொருள். அப்படியானால் பெரும்பாலும் அது டயர், அல்லது சக்கரம் தடையின்றிச் சுழலத் தாங்கும் குண்டு வளையமாகிய பேரிங்.

டயருக்கும் பேரிங்கிற்கும் உள்ள வேறுபாட்டைச் சாலையே காட்டிக்கொடுக்கும். புதிதாகத் தார் போட்ட வழுவழுப்பான பகுதியில் ஏறியதும் ஓசை மாறினாலோ குறைந்தாலோ டயரைச் சந்தேகிக்கலாம். பேரிங்கின் முனகலோ எந்தத் தார் ஆனாலும் ஒன்றுபோலவே இருக்கும். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை ஒரு திசையில் தடவிவிட்டு, பிறகு எதிர்த்திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் அரம்போல் பிடித்தால் எலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது. மேடும் பள்ளமுமாக அலையலையாகத் தட்டுப்பட்டால், பழைய அப்சோபர் விட்டுச்சென்ற தழும்பு அது. அப்சோபரைப் புதிதாக்கினாலும், ஏற்கெனவே அலையாகத் தேய்ந்துவிட்ட டயர் சத்தம் போட்டுக்கொண்டேதான் இருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் முன் டயர் இரண்டையும் பின்னுக்கும் பின் டயர் இரண்டையும் முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டால் பேரிங்கைப் பிரிக்கும் வேலை மிச்சம்.

தங்கள் மனைவியின் காது இந்த விஷயத்தில் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. கார் வலப்பக்கம் வளையும்போது அதன் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் கூடுகிறது என்றால், எடையைத் தாங்கும் இடது முன் பேரிங்கையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெள்ளத்தில் இறங்கிய கதையும் இதோடு பொருந்துகிறது. வீராவின் முன் பேரிங் இரண்டு வரிசைக் குண்டுகளையும் கிரீசையும் உள்ளே வைத்து மூடப்பட்டது. ஓடிச் சூடேறிய பேரிங் திடீரென்று குளிர்ந்த நீரில் மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்துபோன மூடியின் விளிம்பு வழியாகச் சேற்று நீரை உறிஞ்சிக்கொள்கிறது. அன்றே ஒன்றும் தெரியாது. கிரீஸ் மெல்ல மெல்லக் கெட்டு, குண்டுகளும் அவை உருளும் தடமும் துருப்பிடித்துக் குழி விழுந்த பிறகுதான் ஓசை கிளம்பும். சில வாரம் கழித்து வந்ததன் காரணம் இதுதான்.

இதைக் கையால் உறுதி செய்யலாம். சமதளத்தில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, முன் சக்கரத்தை ஜேக்கில் உயர்த்துங்கள். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ நுழைக்காதீர்கள். காருக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்துத் தாங்கிய பிறகே நுழையலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே, மறு கையின் விரல்களை அப்சோபரைச் சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றுமே எட்டாது. கெட்ட பேரிங் என்றால், ஆட்டுக்கல்லில் மணல் கலந்த உளுந்து அரைபடுவதுபோல் ஒரு நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரல்நுனிக்கு வந்து சேரும். காதுக்கு எட்டாத நிலையிலேயே விரலுக்கு எட்டிவிடுகிறது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மறுபக்கச் சக்கரத்திலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிலர் எஞ்சினை ஓடவிட்டுக் கியர் போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சுழல வைத்துச் சோதிப்பார்கள், அதைச் செய்யாதீர்கள். ஒரு சக்கரம் தரையில் நின்றுவிட்டால், இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் காரணமாக மற்றது மீட்டர் காட்டும் வேகத்தைப்போல் இரு மடங்கில் சுழலும். கார் ஜேக்கிலிருந்து நழுவினால் விபரீதமாகிவிடும்.

சக்கரம் உயர்ந்திருக்கும்போதே அடுத்த சோதனையையும் முடித்துவிடலாம். கடிகாரத்தில் 12 மணியும் 6 மணியும் இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ‘டக்’ என்று இளக்கம் தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் இளக்கம் மறைந்தால் பேரிங். மிதித்தும் மறையாவிட்டால் கீழேயிருந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் (லோவர் ஆர்ம்) போல் ஜோயிண்ட்டையும் ரப்பர் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். பிறகு 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அங்கு மட்டும் இளக்கம் இருந்தால் அது, சக்கரத்தை ஸ்டேரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட், ரேக் எண்ட், ரேக் என்ற வரிசையில் எங்கோ இருக்கிறது. இதில் முதல் இரண்டும் விலை குறைந்த பொருள்கள், ரேக் கடைசி. இளக்கம் எங்கே என்று தொட்டுக் காட்டாமல் ரேக்கை மாற்றச் சொல்லும் போமனிடம், ‘எங்கே ஆடுகிறது, காட்டுங்கள்’ என்று கேட்பதில் தவறே இல்லை.

இப்போது நடுக்கத்திற்கு வருவோம். 85இல் தோன்றி 100இல் அடங்கும் ஸ்டேரிங் நடுக்கம் பெரும்பாலும் பேலன்சிங் (சக்கரத்தின் எடைச் சமநிலை) தவறியதன் அடையாளம். சமநிலைக்காக ரிம்மின் விளிம்பில் பொருத்தியிருந்த 30 கிராம் ஈயம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தங்கள் காரின் 13 அங்குலச் சக்கரம் 90 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. அந்த 30 கிராம் குறை, சுற்றுக்கு ஒரு முறை ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடுவதால் தோட்டத்துச் சடக்கில் ஒன்றும் தெரிவதில்லை. வினாடிக்கு 14 என்ற அந்தத் துடிப்பு, ஸ்டேரிங் அமைப்பு இயல்பாகவே அதிரும் வேகத்தோடு ஒத்துப்போகும் இடத்தில்தான் நடுக்கம் உச்சத்துக்குப் போகிறது; அதைக் கடந்ததும் தணிகிறது.

டயர் கடைக்குப் போவதற்கு முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. முன் சக்கரங்களைக் கழற்றி, ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். வெளிப்புறத்தைப் பளபளவென்று கழுவி வைத்திருக்கும் கார்களில்கூட, உள்வளையத்தில் செம்மண் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்து, செங்கல் துண்டுபோல் இறுகிக் கிடப்பதைக் காணலாம். மழையில் நனைந்த சடக்கில் வந்து காரை நிறுத்தியதும் ஈரமண் ரிம்மின் அடிப்பகுதிக்கு வழிந்து, இரவோடு இரவாக அங்கேயே இறுகிவிடுகிறது. அது எளிதாக 100 கிராமைத் தாண்டும். மரக்குச்சியால் பெயர்த்துத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அப்போதே, துருவும் தூசியும் படிந்த விளிம்பில் விரல் நீளத்துக்கு மட்டும் சுத்தமான ஒரு பட்டை தெரிகிறதா என்று கவனியுங்கள். ஈயக்கட்டி விழுந்த இடம் அதுவே. கழுவிய பிறகும் நடுக்கம் நீடித்தால் பேலன்சிங் செய்யக் கொடுங்கள். சேற்றைக் கழுவாமல் பேலன்சிங் செய்தால், அந்தச் சேறு விழும் நாளில் நடுக்கம் திரும்பி வரும்.

பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சுழலும்போது பக்கத்தில் நின்று ரிம்மின் விளிம்பையும் டயரின் மேற்பரப்பையும் பாருங்கள். விளிம்பு அலைந்தால் ரிம் வளைந்திருக்கிறது. டயர் ஓரிடத்தில் புடைத்து ஏறி இறங்கினால் உள்ளே கம்பிப்பட்டை பிரிந்துவிட்டது. அந்த டயரை அன்றே மாற்ற வேண்டும், நெடுஞ்சாலையில் அது வெடிக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூக்கள் (டயரின் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருப்பதால் பழைய டயரும் நன்றாக இருக்கிறது என்று கொள்ள வேண்டாம். இன்னொன்று: எலைன்மெண்ட் செய்தால் நடுக்கம் போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. எலைன்மெண்ட் கார் ஒரு பக்கம் இழுப்பதையும் டயர் ஓரம் தேய்வதையும் சரிசெய்யும், நடுக்கத்தை அல்ல. ஆனால் அப்சோபர் கழற்றி மாட்டப்பட்டதால் தங்கள் காருக்கு எலைன்மெண்ட் எப்படியும் தேவை. பேரிங் வேலை முடிந்த பிறகு ஒரேயடியாகச் செய்துகொள்ளுங்கள்.

பேரிங்கை மாற்றுவது எங்கே என்பது முக்கியம். அதை நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதி) அழுத்திப் பொருத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினாலோ, வெளிவளையத்தை அழுத்த வேண்டிய இடத்தில் உள்வளையத்தை அழுத்தினாலோ, அடி முழுவதும் குண்டுகளின் வழியாகப் போய்த் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும். புதுப் பேரிங் சில மாதங்களிலேயே முனகத் தொடங்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) பெரிய நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் கொண்டு, அந்தக் காருக்குக் குறித்த அளவுக்கு முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் புதுக் கம்பி ஊசியைச் செருக வேண்டும். அந்த நட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு காரைத் தரையில் உருட்டக் கூடாது. பேரிங் அதிலேயே கெடும். ஹாஃப்கட்டில் (பழைய கார்களிலிருந்து கழற்றி விற்கும் பொருள்களில்) கிடைக்கும் பழைய பேரிங் வேண்டாம்; எஞ்சின், கியர்பாக்ஸ் வாங்கலாம், பேரிங்கை அப்படி வாங்குவது காசைத் தூக்கி எறிவதே. வலப்பக்கப் பேரிங் விரலுக்குச் சுத்தமாக இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை.

காரைச் சரிசெய்வது தகுமா என்று கேட்டிருந்தீர்கள். வீரா 1993இல் வந்து 2009 வரை விற்பனையில் இருந்த கார். இந்தப் பொருள்கள் எல்லாம் இன்னும் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. பேரிங்கும் பேலன்சிங்கும் மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதுவரை மெதுவாக, அருகிலுள்ள இடங்களுக்கு மட்டும் ஓட்டுங்கள். சக்கரத்தில் இளக்கம் தெரிந்தாலோ, பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகத் தொடங்கினாலோ ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்; ஆடும் பேரிங், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கைச் சாய்த்து, அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும்.

கேள்வி: கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வாரம்தோறும் போய்வருகிறேன். மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய இறக்கத்தில் பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டேரிங் உதறுகிறது. மிதிக்காதபோது ஒன்றுமில்லை. டிஸ்க் வளைந்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பிரேக் மிதித்தால் மட்டும் வருகிறது என்பதால் டயரையும் பேரிங்கையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். உதறல் கைக்கு வருகிறதா, இருக்கைக்கு வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். கையில் என்றால் முன் டிஸ்க்; இருக்கையில் என்றால் பின் டிரம் வட்டம் தவறியிருக்கலாம்.

‘வளைந்துவிட்டது’ என்று எல்லோரும் சொல்வதில் பாதிதான் உண்மை. டிஸ்க் பார்வைக்குத் தெரியும் அளவுக்கு வளைவது அரிது. அதன் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாமல் போவதும், பேடின் பொருள் சூட்டில் ஓரிடத்தில் மட்டும் படிந்துவிடுவதும்தான் பெரும்பாலும் நடப்பவை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்து வந்து, அதே சூட்டோடு டோல் சாவடியில் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால், பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஆட்டோ காரிலும் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு.

கடையில் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே உதறலுக்குப் போதும். டிஸ்க்கைக் கழற்றினால் அதற்கும் ஹப்பிற்கும் இடையே படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யாமல் மாட்ட விடாதீர்கள். புது டிஸ்க் போட்டும் உதறல் போகவில்லை என்று எழுதுவோரில் பலருக்கு அந்தத் துருவே காரணம். கடைந்து சமன்செய்வதென்றால், டிஸ்க்கின் மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்திற்குக் கீழே போகக் கூடாது. ஒரு பக்க ரிம் மட்டும் மற்றதைவிட மிகச் சூடாக இருந்தால் கேலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) இறுகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டிஸ்க்கை மாற்றுவது வீண்.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெரோடுவா கஞ்சில் ஓட்டுகிறேன். பள்ளி வாசலில் முழுவதுமாக வளைத்துத் திருப்பும்போது முன் சக்கரத்தில் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கிறது. நேராகப் போகும்போது சத்தமே இல்லை. ஆபத்தா?

பதில்: சகோதரி, இது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜோயிண்ட். முன் சக்கரம் வளைந்த நிலையிலும் எஞ்சினின் விசையை அதற்குக் கொண்டுசேர்ப்பது இந்த ஜோயிண்ட்தான். அதன் மேல் போர்த்தியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மணல் உள்ளே புகும். சக்கரத்தை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துவிட்டு, அதன் பின்னால் கைவிளக்கடித்துப் பாருங்கள்: ரிம்மின் உட்புறத்திலும் அப்சோபரின் மேலும் கருப்பு கிரீஸ் ஒரே கோடாகத் தெறித்திருந்தால் வேறு சான்று வேண்டாம். இடப்பக்கம் வளைக்கும்போது அதிகமாகக் கேட்டால் பெரும்பாலும் வலது ஜோயிண்ட். வலப்பக்கம் என்றால் இடது.

நாளைக்கே அறுந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அப்படியே விட்டால் ஒருநாள் சந்தியில் திரும்பும்போது ஜோயிண்ட் உடைந்து கார் நகராமல் நின்றுவிடும். ‘டிக் டிக்’ வந்த பிறகு புது உறை மட்டும் போடுவதில் பயனில்லை, ஜோயிண்ட்டையே மாற்ற வேண்டும். மறுபக்கத்து உறை கிழிந்தும் சத்தம் இன்னும் வராமல் இருந்தால், அதைச் சுத்தம் செய்து புது உறையும் கிரீசும் போட்டாலே போதும். செலவும் மிகக் குறைவு.

கேள்வி: நேற்று டயர் கடையில் இரண்டு புது டயர் போட்டேன். இன்று காலை இடது முன் சக்கரத்தில் ‘டக் டக்’ சத்தம், ஸ்டேரிங்கும் ஆடுகிறது. திரும்பக் கடைக்கு ஓட்டிப் போகலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். சாலையோரமாக நிறுத்தி, சக்கர நட்டுகளை உடனே பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால், ஓட்டிக்கொண்டே கடைக்குப் போவதற்குள் சக்கரமே கழன்று ஓடலாம். காரோடு வந்த ஸ்பேனரால் ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, குறுக்காக இறுக்குங்கள். நம் சிறிய கார்களில் பலவற்றுக்கு 90 முதல் 110 நியூட்டன் மீட்டர் அளவு. சரியான எண் காரின் கையேட்டில் இருக்கும். ஸ்பேனரின் மேல் ஏறி மிதிக்க வேண்டாம், அதனால் போல்ட் நீண்டு பலவீனமாகும். ரிம்மில் நட்டு அமரும் ஓட்டை முட்டைவடிவில் தேய்ந்திருந்தாலோ, போல்ட்டின் மரை சிதைந்திருந்தாலோ, இறுக்கிய பிறகும் அந்தச் சக்கரத்தோடு ஓட்டக் கூடாது. ரிம் மட்டும் கெட்டிருந்தால் ஸ்பேர் டயரைப் போட்டுக்கொண்டும், போல்ட் கெட்டிருந்தால் இழுவண்டி வைத்தும் கடைக்குப் போங்கள். சேதமில்லை என்றால் இறுக்கிவிட்டு மெதுவாக ஓட்டி, 50 கி.மீ. ஆனதும் மறுபடி ஒரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையென்றால், அந்த டயர் ரிம்மில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று கடைக்காரரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.